பந்து வருமுன் வந்த பாராட்டு

வாசலில் ஷூ மாட்டுவதற்கு முன் ஃபுமியோ இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிரே இருக்கும் முடிதிருத்தும் கடையின் பலகையை ஒரு நொடி பார்ப்பார். பந்து பிடிக்கிறவர்களுக்கு ராசிக்கென்று ஏதாவது இருக்கும் என்று அவருடைய மனைவி சடோயோ வருஷக்கணக்காக நினைத்திருந்தாள்.

இந்த மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, பலகையப் பாக்கலியா?"

"பாத்து என்ன ஆகப்போகுது?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எப்போதோ பந்து பட்ட வலது கண். இத்தனை நாளும் அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஃபுமியோ ஆட்டத்தில் இறங்குகிறவர் அல்ல. பயிற்சியில் குந்தி உட்கார்ந்து பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர்களுக்குப் பந்து பிடிப்பதும், ஒவ்வொன்றுக்கும் "நல்ல பந்து!" என்று கத்துவதும்தான் வேலை. கண் போனது தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாவிட்டால் பந்து பட்டு மற்றக் கண்ணும் போகலாம்.

அன்று மதியம் அவள் திடலுக்குப் போய், வலைக்குப் பின்னால் ரசிகர்களோடு ஒண்டி நின்றாள். நருமி என்ற இளைஞன் ஃபோர்க் எறிந்துகொண்டிருந்தான். இரண்டு விரல்களை அகட்டி, நடுவில் இடுக்கி எறிகிற பந்து அது. நேராகத்தான் வரும். கடைசியில், இருட்டில் ஒரு படி குறைந்த மாதிரி, சட்டென்று கீழே போய்விடும்.

"நல்ல பந்து!" என்றார் ஃபுமியோ. அதற்குப் பிறகுதான் பந்து கையுறையில் விழுந்தது.

நருமி சிரித்தான். "அண்ணே, பந்து இன்னும் வந்து சேரலியே! அதுக்குள்ள பாராட்டா?"

"உன் விரலப் பாத்தாலே தெரியுதுடா. பேசாம எறி!"

ரசிகர்கள் சிரித்தார்கள். சடோயோ சிரிக்கவில்லை. அவர் பந்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக் கத்துகிறார்.

அடுத்த பந்து தரையில் குத்தி எழும்பி, முகமூடிக்குக் கீழே தொண்டையோரம் அடித்தது. அவர் தலையை அசைக்கக்கூட இல்லை. இருமிவிட்டுக் கையுறையை நீட்டினார்.

"இன்னொண்ணு!"

நருமி கையை உயர்த்தினான். கடையில் பாக்கிச் சில்லறையைக் கூட வாய்விட்டுக் கேட்காதவள் சடோயோ.

"போடாதீங்க தம்பி! அவருக்குக் கண்ணு தெரியல!"

திடலே திரும்பிப் பார்த்தது. ஃபுமியோ மட்டும் திரும்பவில்லை. குந்தியபடியே கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் அணியின் விடுதியில் துணி துவைக்கிறார். சம்பளம் குறைவு. இடது கண் நன்றாக இருக்கிறது. சடோயோவிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார்.