இரண்டு வரி நாற்காலி

ஒரு மாத இதழில் கடைசிக்கு முந்திய பக்கம் அவளுடைய பொறுப்பு. ‘இம்மாதம் விடைபெற்றோர்’ என்று தலைப்பு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பெரிய பாலம் கட்டியவர், கடலை நீந்திக் கடந்தவர், புதிதாய் ஒரு தவளை இனத்தைக் கண்டுபிடித்த பெண்மணி, சின்னஞ்சிறு தீவொன்றுக்கு மந்திரியாக இருந்தவர் என்று எல்லாரும் அதில் அடுத்தடுத்து இருப்பார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் சம்பந்தம்.

அலுவலகத்தில் அவளுக்குச் சித்திரகுப்தி என்று பெயர். யாராவது தும்மினால் கூட, “மெதுவா தும்முப்பா, அந்தம்மா காதுல விழுந்துடப் போகுது” என்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவளும் தம்பியும்தான்.

தம்பி பஸ் டிப்போவில் டயர் கிடங்கைப் பார்த்துக்கொண்டான். வேலை முடிந்து வந்தால் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்துவிடுவான். ஆட்டம் ஆடுவதில் அவனுக்கு ஆசை இல்லை. புதிர் போடுவான். வெள்ளைக் காய்கள் இன்னின்ன இடத்தில், கறுப்பு இன்னின்ன இடத்தில். இரண்டே நகர்த்தலில் கறுப்பு ராஜா சிக்க வேண்டும். அவனுடைய புதிர்கள் ஏழெட்டு நாடுகளின் சதுரங்கப் பத்திரிகைகளில் வந்தன. முகம் தெரியாத ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டிப்போவில் ஒருத்தருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும், “இதுக்குச் சம்பளம் உண்டா?” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு மாதமும் அவளுடைய பக்கத்தை முதலில் படிப்பது அவன்தான்.

“அக்கா, என்னையும் ஒரு நாள் இதுல போடுவியா?”

“முதல்ல செத்துக் காட்டு.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

எத்தனையோ முறை பேசிச் சிரித்த பேச்சு.

அந்தப் பக்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தைக் கட்டி முடித்த பிறகும், அச்சு ஓடுவதற்குள் யாராவது போய்விடலாம் என்று கீழ் மூலையில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைப்பாள். அச்சுக்கூடத்தில் அதை நாற்காலி என்பார்கள். “நாற்காலிக்கு ஆள் வந்தாச்சா மேடம்?” என்று மேஸ்திரி ஃபோன் செய்து கேட்பார். யாரும் வராவிட்டால் ஒரு பூப்படத்தை வைத்து அந்த இடத்தை மூடிவிடுவார்.

தம்பியின் நுரையீரல் கெட்டு, மூச்சுக் குழாய் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த அதே வாரத்தில், ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

“மேடம், இந்த மாசத்தோட அந்தப் பக்கத்தை நிறுத்திடலாம்னு இருக்கோம். இருக்கறவங்களைப் பத்திப் போட்டாலே இப்பல்லாம் யாரும் படிக்கறதில்ல.”

அவளைவிட வயதில் சின்னவர். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“சார், என் தம்பிக்கு ரொம்ப முடியல. டாக்டர் கையை விரிச்சுட்டார். கடைசியா வர்ற இந்தப் பக்கத்துல நாற்காலியை அவனுக்குக் குடுக்கலாமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தம்பி என்ன செய்தான் என்று கேட்டார். சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது.

“சரி மேடம். அச்சுக்கு முன்னாடின்னா போடுங்க.”

அச்சுக்கு முன்னாடி என்றால் என்ன அர்த்தம் என்பது படியில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

அதன் பிறகு தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு முள்மேல் இருப்பதுபோல இருந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். இறங்கியது மறுபடி ஏறும் வரை அவளுக்கு மூச்சு வராது. ஏறினால் கண்ணில் நீர் வரும். அதற்குப் பின்னாலேயே நாற்காலியின் நினைப்பும் வரும். தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அச்சு ஓட வேண்டிய கடைசி நாள் மாலை டாக்டர் அவளைத் தனியே அழைத்து, “இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்மா. சொந்தக்காரங்க இருந்தா சொல்லி அனுப்புங்க” என்றார். சொல்லி அனுப்ப யாரும் இல்லை. அவள் வராந்தாவுக்கு வந்தபோது ஃபோன் அடித்தது.

“மேடம், மன்னிச்சுக்குங்க. இப்படிக் கேக்க எனக்கே நாக்கு கூசுது. மெஷின் காத்திருக்கு. பூவை வச்சுடவா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கிடந்தான். நர்ஸ் ஒரு பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். பூவை வைத்துவிட்டால் இனி எந்த மாதமும் இல்லை.

“வேண்டாம். நான் எழுதி வச்சதைப் போட்டுடுங்க.”

“அப்படின்னா... தம்பி...”

“போட்டுடுங்க.”

மேஸ்திரி, “மனசைத் தேத்திக்குங்க மேடம்” என்றார்.

அன்று தம்பி தாண்டிவிட்டான். மறுநாளும் தாண்டினான். வாரக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். டாக்டருக்கே ஆச்சரியம். அவளுடைய தோளைத் தட்டி, “உங்க தம்பி கெட்டிக்காரர்” என்றார். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். சந்தோஷத்தில் அழுவதாக வெளியே பேசிக்கொண்டார்கள். அதிலும் பொய் இல்லை.

இதழ் கடைக்கு வந்திருந்தது. டிப்போவிலிருந்து மாலையோடு வந்த இரண்டு பேர், தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே மாலையைப் பைக்குள் திணித்துக்கொண்டார்கள். ஒருவன் வெளியே போய் விழுந்து விழுந்து சிரித்தான். அவனே பத்திரிகை அலுவலகத்துக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டான்.

“இந்த மாசப் பக்கம் எங்க?” என்று தம்பி கேட்டான். குழாய் இருந்த தொண்டையிலிருந்து குரல் கரகரவென்று வந்தது.

“இன்னும் வரல.”

“பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும்.”

கொடுத்துவிட்டாள். அவன் மேலிருந்து ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டு வந்தான். மூலைக்கு வந்ததும் நின்றான். திரும்பவும் படித்தான்.

“தவளைக்காரிக்கு அஞ்சு வரி. எனக்கு ரெண்டா?”

அவளால் சிரிக்க முடியவில்லை.

“நல்லா எழுதியிருக்க” என்றான். “ஆனா என்ன அவசரம்க்கா?”

“நேரமாயிடுச்சுடா. மெஷின் காத்திருக்குன்னாங்க.”

அவன் மெல்லத் தலையாட்டினான். பத்திரிகை வேலையில் நேரம் என்றால் என்ன என்று அவளைப் பார்த்தே தெரிந்துகொண்டவன்.

“திருத்தம் கிருத்தம்னு எதுவும் போட்டுடாதே. இருந்துட்டுப் போகட்டும்.”

“ஆசிரியர் விட மாட்டாரே.”

“அப்ப சரி” என்றான். பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

ஆசிரியர் விடவில்லை. “உயிரோட இருக்கற மனுஷனைச் சாகடிச்சிருக்கோம் மேடம்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. திருத்தத்தை அவளையே எழுதச் சொன்னார். ‘அவர் உயிருடன் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் பேனாவை எடுத்து ‘உயிருடன்’ என்பதை அடித்துவிட்டு ‘நலமுடன்’ என்று போட்டார்.

வீட்டுக்கு வந்த தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பலகையில் தன் கடைசிப் புதிரை அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். “முழுங்குடா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சுவாள். “முழுங்கறேன் அக்கா, எங்க ஓடிடப் போகுது” என்பான். தட்டு அப்படியே திரும்பும். ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது அவனுடைய தலை பலகைப் பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் முதலில் ஃபோன் செய்தது மேஸ்திரிக்கு.

“அந்தத் திருத்தத்தை எடுத்துட முடியுமா?”

“அந்தப் பக்கம் காலையிலேயே ஓடிடுச்சு மேடம்.” பிறகு தயங்கி, “ஏன், என்ன ஆச்சு?” என்றார்.

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு இதழ் வந்தது. பழைய பக்கத்தின் இடத்தில் சமையலறைச் சாமான் விளம்பரம். அதன் கீழே பொடி எழுத்தில், அவன் நலமுடன் இருந்தான். இனி அதை மாற்றி எழுத அவளுக்குப் பக்கமும் இல்லை, நாற்காலியும் இல்லை.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. வயதான ஆண் குரல்.

“பத்திரிகை ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன்மா. உங்க தம்பியோட புதிர்களை வருஷக்கணக்கா போட்டுப் பாக்கற ஆளு நான். போன மாசம் அந்தச் சேதியைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல. இன்னிக்குத்தான் உயிர் வந்துச்சு. அவர்கிட்ட ஃபோனைக் குடுங்களேன்.”

அவள் பலகையைப் பார்த்தாள். காய்கள் அவன் வைத்தபடியே இருந்தன.

“தூங்கறான்.”

“எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம். கடைசிப் புதிருக்கு விடை கிடைச்சுடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ராணியைக் கொடுத்துடணும். எல்லாரும் அங்கதான் தயங்குவாங்க. கறுப்பு எப்படி நகந்தாலும் அப்புறம் குதிரை.”

அவளுக்கு ஆடத் தெரியாது. ராணியை எடுத்து ஓரமாக வைத்தாள். குதிரையைக் கையில் எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னம்மா, ராஜாவுக்குப் போக இடமில்ல. முடிஞ்சுது.” அவர் சிரித்தார். “மறக்காம சொல்லிடுவீங்கல்ல?”

“சொல்றேங்க” என்றாள்.