பிணைக்கு ஓர் ஆட்டம்

கனிசியஸுக்கும் அவர் தங்கை யோசப்பினுக்கும் ஏழாம் பொருத்தம். எண்பத்திமூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிய, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய மனுசன், மானிப்பாயில் அவளுடைய சீதன வீட்டு முன்னறையில் குந்தினார். பத்து வருசமாகியும் எழும்பவில்லை. குந்தியதோடு விட்டாரா? சோற்றில் கல், சொதியில் உப்பு என்று நாளாந்தம் குற்றம். புருசனைப் பறிகொடுத்தவள் தன் வீட்டிலேயே ஒதுங்கி நடந்தாள்.

பின்னேரங்களில் ஸ்கிரபிள். கரண்ட் இல்லாத ஊரில் வேறென்ன இருக்கிறது? பையிலிருந்து எழுத்துக் கட்டைகளை எடுத்து, மாற்றி மாற்றி அடுக்கி, இங்கிலீசுச் சொல்லாகப் பலகையில் வைக்கும் விளையாட்டு. கொழும்பில் வேலைபார்த்த கந்தோரில் பழகியவர் அவர். தங்கையை மட்டந்தட்ட இதைவிட வசதி அவருக்குக் கிடைக்காது.

சட்டமும் அவர் வைத்ததுதான். டிக்சனரியில் இல்லாதது சொல்லே இல்லை. அந்த டிக்சனரியையோ, பொம்பர் வந்து குண்டுபோட்ட காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் குப்புற வைத்துவிட்டு யோசப்பின் மறந்துபோனாள். ஏயிலிருந்து எஃப் வரைக்கும் கறையான் தின்று தீர்த்துவிட்டது.

"கறையான் திண்ட சொல்லுக்குப் புள்ளி இல்லை," என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "புத்தகத்தைப் புதைச்சவள்தானே, அனுபவி."

தொண்ணூற்றிமூன்றில், கொழும்பிலிருந்த யோசப்பினின் மகளுக்கு முதற் பிள்ளைப்பேறு நெருங்கியது. அவளிடம் போவதற்கு, ஊரை ஆண்ட இயக்கத்தின் பயணப் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஓர் ஆள் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். அவர் ஊரைவிட்டு அசையவும் முடியாது. யோசப்பினுக்குத் திரும்பும் எண்ணமே இல்லை. அதை அவள் வாய்திறந்து சொல்லவில்லை. பிணைக்கு அண்ணனை விட்டால் ஆளுமில்லை.

"என்னை ஒருக்கால் வெண்டு காட்டு. கையெழுத்து வைக்கிறன்," என்றார் கனிசியஸ்.

"உங்களுக்கு இரக்கமெண்டு ஒண்டு இல்லையோ, அண்ணை?"

"அது எந்த எழுத்திலை துடங்குது? கறையான் திண்டிருக்கும்."

அவளுக்குப் பற்றி எரிந்தது. அரிசி களையும்போதும் மனதுக்குள் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினாள். செபமாலை உருட்டினாலும் எழுத்துத்தான் வந்தது, மாதா மன்னிக்கட்டும். ஆடினாள், தோற்றாள், மறுபடி ஆடினாள்.

ஒரு பின்னேரம் பை காலியானபோது புள்ளியில் அவர்தான் முன்னால் நின்றார். அவள் கையில் டி, ஏ, என், ஜி, ஈ, ஆர், எஸ். ஏழையும் ஒரேயடியாக வைத்தால் மேலதிகமாக ஐம்பது புள்ளி. ஆபத்துகள் என்று பொருள்படும் 'டேஞ்சர்ஸ்' உடனே கண்ணில் பட்டது. ஆனால் டி கறையானின் வயிற்றில்.

"என்ன முழிக்கிறாய்? வைக்கிறதெண்டால் வை, இல்லாட்டி அடுப்பைப் போய்ப் பார்."

டியைப் பின்னுக்குத் தள்ளி, ஜியை முன்னுக்கு இழுத்தாள். 'கார்டன்ஸ்.' பூந்தோட்டங்கள். பலகையில் கிடந்த ஒரு சொல்லின் வாலில் எஸ்ஸை ஒட்டி ஏழையும் இறக்கினாள்.

கனிசியஸ் டிக்சனரியை எடுத்து, வேண்டுமென்றே ஆற அமரப் புரட்டினார். ஜி இருந்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"குருட்டுப் பூனை விட்டத்திலை பாய்ஞ்ச மாதிரி," என்று உறுமினார். ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்தநாள் போய்க் கையெழுத்து வைத்தார்.

கடனீரேரியைக் கடக்கும் கிளாலித் துறைக்கு ஆளேற்றிப் போகிற வான் வாசற் படலையடியில் வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை. பகையாளிகூட 'போட்டு வாறன்' என்பான். யோசப்பினுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"அண்ணை, நான் போறன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ வரமாட்டாயெண்டு தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சனான். ஏறு. வானை மறிச்சுக்கொண்டு நிண்டு என்னை அறுக்காதை."

அவள் ஏறினாள். நிம்மதியாக வெறுத்துக்கொண்டு போகக்கூட அந்தக் கிழவன் அவளை விடவில்லை.