த்ரோட்டில் கொடுத்தால் படுத்துக்கொள்ளும் போட் எஞ்சின்

போன ஞாயிறு காலை ஏரி நடுவில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்துகொண்டிருந்தேன்.

(ஆபீஸ் நண்பர்களுக்கு: திங்கட்கிழமை லீவு கேட்டது இதனால்தான். ஜுரம் எல்லாம் இல்லை.)

பெங்களூருக்கு வெளியே ஒரு சின்ன கிளப்பில் கயாக் என்கிற துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். வார நாட்களில் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் மெயின்டனன்ஸ் வேலை.

அன்று காற்று அதிகம். திரும்பும்போது கயாக் கவிழ்ந்துவிட்டது.

கவிழ்வது பெரிய விஷயமில்லை, அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வலது காலில் தசை பிடித்துக்கொண்டது. கயாக்கும் கையை விட்டுப் போய்விட்டது.

காற்று என்னை ஆகாயத்தாமரை அடர்ந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் சிக்கினால் லைஃப் ஜாக்கெட் மூழ்க விடாது, ஆனால் நீந்தி வெளியே வரவும் முடியாது.

விசில் ஊதினேன். ரெஸ்க்யூ போட் கரையிலிருந்து கிளம்புவது தெரிந்தது.

ஓட்டுபவர் குமார் அண்ணா. தமிழர்கள் நிறைய இருக்கும் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். போட்டின் பின்னால் மாட்டியிருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

கிளம்பும்போது நல்ல சத்தம். பாதி தூரத்தில் சத்தம் அப்படியே இறங்கியது. போட் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அவர் எஞ்சினைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வந்து சேர்ந்தபோது என் இடுப்பு வரை செடியும் வேரும் சுற்றியிருந்தன. குமார் அண்ணா ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து என்னைப் போட்டுக்குள் ஏற்றினார்.

கரையில் போட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னார்.

"முழு த்ரோட்டிலும் குடுத்துட்டேம்மா. போட்டு வரவே இல்ல."

போட் சரியாகும் வரை வகுப்பு கிடையாது என்று கோச் ஷோபா சொல்லிவிட்டார். குமார் அண்ணா அதற்கும் மேலே போனார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி நான் ஓட்டமாட்டேன் என்று கன்னடத்தில் ஷோபாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவருக்கு ஃபோன் போட்டேன்.

"எஞ்சினைப் பாத்துட்டு அப்புறம் போங்கண்ணா. எதனாலன்னு தெரியலைன்னா உங்களுக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது."

சரி, வருகிறேன் என்றார்.

முந்தைய வாரம்தான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக், ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போட்டிருந்தார். பெட்ரோலும் புதுசு.

ப்ரொபெல்லரில் செடி சுற்றியிருக்குமோ என்று தூக்கிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ப்ரொபெல்லர் பிடிக்காமல் வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், போட் மட்டும் நகராது. இங்கே சத்தமே இறங்குகிறது. ஆக, கோளாறு எஞ்சினுக்குப் போகிற ஏதோ ஒன்றில்.

டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்தாலும் பெட்ரோல் வராது; அது திறந்துதான் இருந்தது.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் நடுவே ஒரு ரப்பர் பல்ப் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் அதை அமுக்கி பெட்ரோலை ஏற்றுவோம். கரையோரமாகவே போட்டை ஓட்டிக்கொண்டு போனோம். முழு த்ரோட்டிலில் எஞ்சின் படுக்க ஆரம்பித்ததும் நான் பல்பை அமுக்கினேன். உடனே எழுந்துகொண்டது. கையை எடுத்தால் மறுபடி படுத்தது.

பெட்ரோல் போதவில்லை என்பது உறுதியாயிற்று. எஞ்சினில் இருக்கும் பம்ப்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். (மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இந்த தைரியம் எப்போதும் உண்டு.)

குமார் அண்ணா ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடி, பம்புக்குள் போடும் ரப்பர் சவ்வு வாங்கிவந்து மாட்டினார்.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். அதே கதைதான்.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வுட்டுடும்மா. அந்தச் செடிக்குள்ள உன்னத் தேடுற மாதிரி ஆயிருந்தா, உங்க வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள் என்று கேட்டேன். இந்த முறை பல்பை அமுக்காமல் சும்மா கையில் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் இறங்கும்போது பல்ப் என் கைக்குள் தானாகவே சப்பையாகிக்கொண்டு போனது.

எஞ்சின் நன்றாகத்தான் உறிஞ்சுகிறது, டேங்க் பக்கத்திலிருந்துதான் பெட்ரோல் வரவில்லை. பம்ப் மீது நான் சொன்ன குற்றம் தப்பு.

டேங்குக்கும் பல்புக்கும் நடுவே இருப்பது ஒரு முழ ஹோஸ் மட்டுமே. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. குமார் அண்ணா அதைக் கழற்றி, கத்தியால் நீளவாக்கில் கீறினார்.

உள்பக்க ரப்பர் தோல் மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாகப் போனால் கொஞ்சம் பெட்ரோல் போதும், அது வந்துவிடும். முழு த்ரோட்டிலில் எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது அந்தத் தோல் வழியை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் இப்படி ஊறிப்போகும் என்று புது ஹோஸ் கொடுத்த கடைக்காரர் சொன்னார்.

சாயந்திரம் புது ஹோஸ் மாட்டி, ஷோபாவையும் ஏற்றிக்கொண்டு, மூன்று பேராக எதிர்க்கரை வரை முழு த்ரோட்டிலில் போய் வந்தோம். சத்தம் ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

இறங்கியதும் குமார் அண்ணா ஷோபாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"சண்டே க்ளாஸ் எஷ்டு கண்டெகெ?"

ஏழு மணிக்கு என்றார் ஷோபா. சரி என்று தலையாட்டிவிட்டு டேங்கைத் தூக்கிக்கொண்டு போனார். வேறு ஆளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நான் வருகிறேனா என்று ஷோபா என்னிடமும் கேட்டார்.

பார்க்கலாம் என்றேன். ஆகாயத்தாமரை மூலையைத் தாண்டும்போது போட்டின் ஓரத்தை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எஞ்சினில் என்ன கோளாறு என்று அறுத்துப் பார்த்துவிட்டோம். என் பயத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஒருமுறை பயந்துபோன இடத்துக்கு நீங்கள் திரும்பிப் போயிருக்கிறீர்களா? எப்படிப் போனீர்கள்?