பல் படாத கயிறு

ஆய்வகத்தில் அவளுக்குக் குக்கர் என்று பெயர். வைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. உயிர்மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. அவள் மூன்றாவது முறை மூச்சை இழுத்து விட்டால் மாதிரிகள் வைத்திருக்கும் குளிர்பெட்டியே ஒரு டிகிரி சூடேறும் என்று கூட்டிப் பெருக்கும் அம்மா சத்தியம் செய்வார்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை, பன்றிகளுக்கு வைரஸ் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதிப்பது. பன்றியைப் பிடித்து ஊசி குத்துவது பெரும்பாடு. அதனால் கொட்டிலுக்கு ஒரு பருத்திக் கயிற்றைத் தொங்கவிடுவார்கள். பன்றிகள் விளையாட்டாக வந்து மென்று தள்ளும். எச்சில் ஊறிய கயிற்றைப் பையிலிட்டுக் கொண்டுவந்து பிழிந்து இயந்திரத்தில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். கயிறு கட்டி எடுத்து வருபவர் அவள் கணவர், பிழிபவள் அவள். வீட்டிலும் பிழிபடுவது நான்தான் என்பார் கணவர், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று.

அன்று வந்தவை நாத்தனாரின் பண்ணைக் கயிறுகள். பன்னிரண்டு கொட்டில், பன்னிரண்டு பை. மாலை நான்கு மணிக்கு அறுபது குட்டிகள் லாரி ஏறி ஆறு பண்ணைகளுக்குப் போகவேண்டும். நோயில்லை என்று சான்றிதழ் இல்லாமல் லாரி நகராது. நோயுள்ள குட்டி ஒன்று போனாலும் போதும், ஆறு பண்ணையும் துடைத்துவிட்டதுபோல் காலியாகும்.

ஏழாவது, எட்டாவது பைகளில் அவள் கை நின்றது. மற்ற கயிறுகளின் நுனி தேய்ந்த துடைப்பம்போல் பிய்ந்து கிடக்க, இவை இரண்டும் கத்தரிக்கோலால் இப்போதுதான் வெட்டியதுபோல் இருந்தன. ஆனால் சொட்டச் சொட்ட ஈரம்.

இயந்திரம் பன்னிரண்டும் சுத்தம் என்றது. ஆய்வகத் தலைவர் பேனா மூடியைத் திறந்தார். அவள் சான்றிதழின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சார், இந்த ரெண்டு கயித்துல பல்லே படல. அப்புறம் ஈரம் எங்கேருந்து வந்துச்சு?"

லாரி காத்திருக்கிறது, மெஷின் பொய் சொல்லாது, அதுவும் உங்கள் சொந்தக்காரர் பண்ணையாயிற்றே என்றார் அவர்.

"நம்ம குடுத்த எச்சிலுக்குத்தான் சார் மெஷின் பதில் சொல்லும். யாரோட எச்சில்னு அதுக்குத் தெரியாது."

கணவர் பின்பக்கக் குழாயில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவள் முதல் மூச்சை இழுத்ததுமே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அந்த இரண்டு கொட்டிலிலும் பன்றிகள் படுத்தே கிடந்தன, கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் கொட்டிலில் இன்னொரு கயிறு கட்டி, அதைப் பிழிந்து இவற்றை நனைத்தாராம்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. காய்ச்சல் கண்ட பன்றிதான் மெல்லாது. காய்ந்த கயிறு வந்திருந்தால் அதுவே பாதிப் பதில். அதைப் போய் நனைத்துக் கொண்டுவந்திருக்கிறார், இத்தனை வருடம் கயிறு கட்டிய மனுஷன். பூட்ஸைவிட உங்கள் மூளையைக் கழுவியிருக்கலாம் என்பதில் தொடங்கி, அவர் பள்ளிக்கூடத்தில் தேறியதே சந்தேகம் என்பதுவரை போனாள்.

அவர் குழாயை மூடினார்.

"போன வருஷம் காஞ்ச கயிறு கொண்டு வந்தேன். எல்லார் முன்னாடியும் பையை என் மூஞ்சில எறிஞ்சே. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது காஞ்சது கொண்டு வந்திருக்கேனா?"

மூன்றாவது மூச்சு தொண்டையிலேயே நின்றது.

"எத்தனை பண்ணைல இப்படி நனைச்சீங்க?"

"அக்காவோடது மூணாவது."

அவள் கையுறையும் முகமூடியும் எடுத்துக்கொண்டு அவர் வண்டியில் ஏறினாள். ஏழிலும் எட்டிலும் பன்றிகள் காது சிவந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவர் பிடிக்க, அவள் காது நரம்பில் ரத்தம் எடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் அவள் உதட்டைக் கடித்தபடியே வந்தாள். யார்மேல் கோபம் என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. மூன்றே முக்காலுக்கு, அந்த ரத்தத்தை வைத்த இயந்திரத்தின் திரையில் கோடு படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து நேரே மேலே ஏறியது. காய்ச்சல்தான். தலைவர் பேனாவை மூடினார். லாரி காலியாகத் திரும்பியது.

நாத்தனார் போனில் கொதித்தார். "கூடப் பொறந்தவன் கட்டினவளே குடும்பத்துக்குக் கொள்ளி வெச்சுட்டியே."

"திட்டுங்க அண்ணி. அந்தக் கொள்ளி ஆறு வீட்டுக்குப் போகாம நின்னுச்சு."

சொல்லிவிட்டாளே தவிர, பண்ணையில் இனி ஒரு கொட்டில்கூட மிஞ்சாது என்பது அவளுக்குத் தெரியும். ஆய்வகப் படிவத்தில் 'காய்ந்த கயிறுகள் ஏற்கப்படமாட்டா' என்றொரு வரி உண்டு. அவளே சண்டைபோட்டு அச்சிடவைத்தது. பேனா முனை தாளைக் கிழிக்கும்படி அதை அடித்தாள். எஞ்சிய படிவங்கள் அத்தனையிலும் அடித்தாள்.

மறுநாள் கணவர் அந்த மற்ற இரண்டு பண்ணைகளுக்கும் போய்வந்தார். வாசலிலேயே நின்று, கை எட்டும் தூரம் மட்டும் ஒரு பையை நீட்டினார். உள்ளே கயிறு கடையில் வாங்கியதுபோல் மொடமொடவென்று இருந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்றும் இழுத்தாள். கூட்டிப் பெருக்கும் அம்மா குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் கொட்டில்?" என்று கேட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கினாள்.