தாத்தா கடிதத்தின் பின்பக்கம்

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் சில நாட்களில் உங்களுக்கு ஒரு கடிதம் வரும் என்பதுதான் அதிலிருந்த சேதி. ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் இதிலென்ன புதுசு என்பீர்கள். ஹனோவருக்குக் குடிவந்த முதல் வருஷம் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கரண்டுக்குக் கடிதம், காப்பீட்டுக்குக் கடிதம், பல் டாக்டர் லீவில் போகிறார் என்பதற்குக் கடிதம். இப்போதெல்லாம் தபால் பெட்டியைத் திறந்தாலே எரிச்சல்தான் வருகிறது. இவ்வளவு காகிதத்தையும் இந்த மக்கள் கசங்காமல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் இருந்ததோ ஒரே ஒரு கடிதம். அதைக் காப்பாற்ற எங்களுக்குத் துப்பில்லை என்று சொல்லியிருப்பேன். சித்தப்பாவுக்குக் கோபம் வரும். அவர் காப்பாற்றியதுதான் பிரச்சினையே.

நெம்மேலியில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்குத் தளம் போடுவதற்காகப் பரணைக் காலி செய்தார்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தபோது ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பெல்ட், அதற்கடியில் நாலாக மடித்த ஒரு தாள். இரண்டாம் உலகப் போரில் தாத்தா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா பக்கம் எங்கிருந்தோ தன் அண்ணனுக்குப் பென்சிலால் எழுதிய கடிதம் அது. சித்தப்பா உடனே முன்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்.

இவ்விடம் க்ஷேமம் என்று ஆரம்பித்திருந்தது. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை விடவில்லை, கொடுத்த பூட்ஸ் பெரிசாக இருக்கிறது, சிவப்பு மாட்டை விற்றுவிடாதே, கிணற்றை இந்த வருஷமாவது தூர் வாரு. முழுக்க முழுக்க அண்ணனுக்கு உத்தரவுகள். மூலையில் ராணுவத் தணிக்கை முத்திரை. கடைசி வரி இப்படி: ‘எனக்குப் பெண் பிறந்ததாக எழுதியிருந்தாய். என்ன பேர் வைப்பது என்று கேட்டிருந்தாய். என் மனசில்’. அத்தோடு தாள் முடிந்துவிட்டது. மீதி பின்பக்கம்.

அந்தப் பெண்தான் அத்தை. அத்தைக்குப் பேர் கிடையாது. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அவள் பேர் பாப்பா. பின்னால் பிறந்த தம்பிகளுக்கெல்லாம் கோயிலில் வைத்துப் பேர் வைத்தார்கள். இவளைப் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். எண்பது வயசு தாண்டியும் அவளுக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. நான் சின்னவளாக இருந்தபோது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “மாட்டுக்குக் கூட லட்சுமின்னு பேரு வச்சானுங்கடி. பொட்டப் புள்ளைக்குப் பேரு வக்க எவனுக்கும் நேரமில்ல.” தன் அப்பா தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பது அவள் முடிவு. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பின்பக்கத்தைப் போடுங்கள் சித்தப்பா என்று குழுவில் எழுதினேன். கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார்.

மறுநாள் வந்தது இன்னொரு போட்டோ. பளபளவென்று லேமினேஷன் செய்த கடிதம், ஊரப்பாக்கத்தில் சித்தப்பா வீட்டுச் சுவரில். சூப்பர், பெருமையாக இருக்கிறது என்று வரிசையாக வாழ்த்துகள். நான் ஹனோவரில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கிழவர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். சித்தப்பா என்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உடனே போன் போட்டேன்.

“பின்பக்கம் எங்க சித்தப்பா?”

“அது ரொம்ப மெல்லிசா இருந்துச்சும்மா. மெஷின்ல சுருட்டிக்கும்னு கடைக்காரன் சொன்னான். அதான் அட்டையில கோந்து போட்டு ஒட்டி, அப்புறமா லேமினேட் பண்ணோம்.”

“எழுத்து இருந்த பக்கத்தையா ஒட்டினீங்க?”

“ரெண்டு பக்கமும் எழுத்துதானே? முத்திரை முன்னாடிதான இருக்கு.”

“பின்னாடி என்ன எழுதியிருந்துச்சு? படிச்சீங்களா?”

“பென்சிலு, மங்கல். கண்ணாடி மாத்தணும். அப்புறம் நிதானமா படிச்சிக்கலாம்னு இருந்தேன்.”

இந்த மனிதர் அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரத்தில் குடியிருந்து, வேலைக்காலம் முழுக்க ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். என்னவென்று சொல்வது? அவர் மேலும் முழுசாகத் தப்புச் சொல்ல முடியவில்லை. எங்கள் நெம்மேலிக் கடற்கரையில் ஆணி துருப்பிடிக்கும், காகிதம் நமுத்துப்போகும், மிச்சத்தைக் கரையான் தின்னும். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கூட லேமினேஷன் போட்டுத்தான் கொடுத்தார். இங்கே ஒரு அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு அசல் எங்கே என்று கேட்டார்கள். நம்மவர்களுக்கு ஒரு காகிதத்தின் மேல் பாசம் வந்தால் பிளாஸ்டிக் போட்டு மூச்சை நிறுத்தாமல் விடமாட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனபோது சண்டை போட்டு அதைச் சுவரிலிருந்து கழற்றினேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் அட்டை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். “எட்த்துகினு போ. வெள்ளக்காரன் ஊர்ல எதுனா வழி கீதா பாரு.”

இங்கே பழைய காகிதங்களைச் செப்பனிடும் ஒரு அம்மாளைத் தேடிப் பிடித்தேன். மேஜையில் வைத்ததும் அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை எழுதியவர் மேல் உங்கள் குடும்பத்துக்குக் கோபமா?” என்று கேட்டார். இல்லை, ரொம்ப மரியாதை என்றேன். அவர் குறித்துக்கொண்டதைத் தலைகீழாகப் படித்தேன்: சேதம், வேண்டுமென்றே செய்தது. என் ஜெர்மனில் பாசத்தை விளக்கப் பார்த்தேன். அந்த அம்மாள் அனுதாபத்தோடு தலையாட்டினார். சித்தப்பாவுக்கு ஏதோ மனநோய் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அப்புறம், தாளை இரண்டாக்கலாம் என்றார். இதற்கு எங்கள் ஊர் லேமினேஷன்காரனே தேவலை, கிழிக்க நானே போதும் என்று எழுந்துவிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, மேஜையிலிருந்த ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்து, அதன் அடுக்குகளை வாழைப்பட்டை உரிப்பது போல உரித்துக் காட்டினார். தாளைக் குறுக்கே வெட்டுவதில்லை. அதன் தடிமனை உரிப்பது. முன்பக்கம் பிளாஸ்டிக்கில் ஒட்டியபடி தனியாக வந்துவிடும். பின்பக்கத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அட்டையிலிருந்து எடுக்கலாம். பென்சில் எழுத்து தண்ணீரில் அழியாது. ஆனால் உரிக்கும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நாசமாகலாம், பொறுப்பேற்க முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் பஞ்சாயத்து. சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். “தாத்தா கையெழுத்தும்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? முத்திரை வேற இருக்கு.”

அத்தை குறுக்கே புகுந்தாள். “ஏன்டா, கோந்து போட்டு ஒட்டச்சொல்லோ இந்த பயம் எங்கடா பூட்ச்சி? எனக்குத் தெரிஞ்சாவணும். என் பேர எழுதிக்கீறாரா, இல்ல இன்னாவோ ஒண்ணு வச்சிக்கோன்னு எழுதிக்கீறாரா? நீ உரிடி. போனா போவுது.”

“கெட்டுப்போச்சுன்னா அத்தை?”

“இப்ப மட்டும் இன்னா வாழுது?”

உரித்தாயிற்று என்று அந்த அம்மாள் அழைத்தபோது நான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள், கண்ணாடித் தட்டில் ஈரமாகக் கிடந்தது. ஓரங்கள் போயிருந்தன, எழுத்து பிழைத்துக் கிடந்தது. குனிந்து படித்தேன். ‘என் மனசில்’ என்று முன்பக்கம் விட்ட இடத்திலிருந்து இப்படிப் போயிற்று: ‘ஒரு பேர் இருக்கிறது. இதில் எழுத மாட்டேன். இங்கே கடுதாசியை நாலு பேர் பிரித்துப் படிக்கிறார்கள். என் மகள் பேரை எனக்கு முன்னால் அவன்கள் வாய் சொல்லக்கூடாது. நான் வந்து சொல்கிறேன். அதுவரை யாரும் பேர் வைக்க வேண்டாம். பாப்பா என்றே கூப்பிடுங்கள்.’ அதற்குக் கீழே மறுபடியும் மாடு, கிணறு.

அங்கிருந்தே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

“அட பாவி மனுசா!” என்றாள் அத்தை. “அவுரு பட்டாளத்துலேந்து வந்தப்ப எனக்கு மூணு வயசு இருக்கும். பூச்சாண்டின்னு கத்திகினு மாட்டுக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சிக்கினேனாம். பாப்பா பாப்பான்னு ஊரே கூப்புட்டுகினு கீது. அவுரும் பாப்பான்ட்டாரு. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி? பேர வாயில வச்சிகினே இத்தினி வருசம் எனக்கு எதிர்ல ஒக்காந்து சோறு தின்னுக்கீறாரே!” திட்டிக்கொண்டே அழுதாள். எனக்கும் தாத்தா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை அலைச்சலுக்கும் கடைசியில் பேர் தெரியவில்லை.

முன்பக்கத்தைச் சென்னைக்குப் போன ஒரு தோழியிடம் அத்தைக்குக் கொடுத்தனுப்பினேன். பின்பக்கத்தை அனுப்பக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பான உத்தரவு. “இங்க வந்தா இவன் அதையும் கொண்டும்போயி ஒட்டிடுவான். அது அங்கியே இருக்கட்டும்.” நான் இரண்டு பெட்டியோடு வந்து, எந்த நாளும் கிளம்பிவிடுவேன் என்று ஒரு நல்ல அலமாரி கூட வாங்காமல் இருந்தவள். இதை வைப்பதற்காக ஒன்று வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை வீடியோவில் கூப்பிடுவாள். மூன்றாவது வரைக்கும் படித்தவள். பிளாஸ்டிக் மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, மழை, பூட்ஸ், மாடு எல்லாவற்றையும் தாண்டி ‘என் மனசில்’ வரைக்கும் வருவாள். அங்கே நிறுத்திவிட்டு, “ம், படி” என்பாள். நான் இங்கே என் தாளைப் பார்த்து, “ஒரு பேர் இருக்கிறது” என்று ஆரம்பிப்பேன். எனக்கு மனப்பாடம்தான், ஆனால் தாளைப் பார்க்காமல் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், திட்டுவாள்.

போன வாரம் படித்து முடித்த பிறகு கேட்டாள்: “கோமளாவா இருக்குமாடி?”

“தெரியலையே அத்தை.”

“வசந்தா?”

“இருக்கலாம்.”

“எங்க, ஒரு தபா கூப்புடு பாப்போம்,” என்று போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கூப்பிட்டேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. “அது இல்ல,” என்றாள்.