வெள்ளி பூசிய பனியன்

கோயம்புத்தூர் ஜவுளிக் கண்காட்சியில் 'நானோ' பனியன் விற்ற அந்த மனிதர், ஸ்டாலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கையைத் தூக்கி, அக்குளைக் காட்டினார்.

"ஒரு வாரமா தொவைக்கலீங்க. மோந்து பாருங்க."

ஆர்.எஸ்.புரத்தில் உள்ளாடைக் கடை வைத்திருக்கும் நான், ஏஜென்சி எடுக்கலாமா என்று பார்க்கப் போயிருந்தேன். வேறு வழியில்லாமல் முகர்ந்தேன். உண்மையிலேயே நாற்றம் இல்லை. நூலில் பூசிய, கண்ணுக்குத் தெரியாத நானோ வெள்ளித் துகள்கள் கிருமிகளைக் கொன்றுவிடுமாம்.

"தொவைச்சா அந்த வெள்ளி என்னாகுங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சங் கொஞ்சமா தண்ணியில போயிருமுங்க. சாக்கடை, அப்பறம் நொய்யல் ஆறு."

"அங்க மீனு, பாசியெல்லாம் இருக்குதேங்க. அதுகளையும் கொன்னுபோடாதுங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அங்கதானுங்க மார்க்கெட்டே இருக்குது! தண்ணியில கலந்த வெள்ளியப் புடிக்கறதுக்கு இப்ப நானோ பில்டர் ஆராய்ச்சி நடக்குதுங்க. பனியன் விக்க விக்க பில்டரும் விக்குமுங்க. ரெண்டுக்கும் சேர்த்தே ஏஜென்சி எடுத்துப்போடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மகளுக்கு நல்ல சம்பந்தம் அமைந்தவரின் பூரிப்பு அதில் இருந்தது. ஏஜென்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"ஏனுங்க, ஒரு டீயாச்சும் குடிச்சுட்டுப் போங்க" என்றார், அத்தனை மரியாதையாக.

வாசலில் திரும்பிப் பார்த்தபோது அடுத்தவருக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். வேர்த்து வழிந்த அந்தக் கூட்டத்தில் நாறாத ஆள் அவர் ஒருவர்தான். இன்றைக்கும் அவரை நினைத்தால் என் கை தானாக மூக்கைப் பொத்தப் போகிறது.