பாறை இடுக்கில் கூப்பிட்ட பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில் நடந்தது. எங்கள் ஊர் சிக்கல் பக்கம். விவசாயக் குடும்பம். நான், மனைவி, மகள், மச்சினன், அவனுக்குப் புதிதாக வந்த மனைவி என ஐந்து பேர் ராமேஸ்வரம் போனோம்.

கோயிலை விட்டு வந்ததும், கடலோரப் பாறையில் ஒரு குகை இருக்கிறது, உள்ளே குளிக்கலாம் என்று மகள் செல்போனில் பார்த்துச் சொன்னாள். போய்ப் பார்த்தோம். அலை குடைந்த குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தெளிந்த தண்ணீர். கூரையில் ஒரு கை அகல இடுக்கு வழியாக வெயில் விழுந்தது. பெண்கள் மூவருக்கும் அங்கேயே குளிக்க ஆசை வந்துவிட்டது. மச்சினன் எங்களை விட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் பக்கத்து ஊரான அக்காள்மடம் போனான்.

எங்கள் ஊர்க் கண்மாயில் பெண்கள் குளிக்கும் துறைப் பக்கம் ஆண்கள் திரும்ப மாட்டோம். பாவாடையை மார்போடு கட்டிக் குளிப்பார்கள். அதிலும் மச்சினன் மனைவி புதுப்பெண். நான் பாறை மேல் ஏறி, குகை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

நெடுநேரம் கழித்து, கடல்பாசி எடுக்கிற ஒரு அம்மா கடலிலிருந்து கரையேறி வந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பில் வலைப்பை.

“ஏண்ணே, உள்ள ஆளு இருக்கா?”

“பொம்பளையாளுக குளிக்கிறாக.”

“தண்ணி ஏறுதுண்ணே! செத்த நேரத்துல வாசல் மூடிரும்.”

“மழையே இல்லையேம்மா” என்றேன். கண்மாயில் தண்ணீர் ஏற மழை வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“கடலுக்கு எதுக்குண்ணே மழை? கூப்புடுங்க!”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நுழைந்த வாசலில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு அலைக்கும் முழுதும் மறைந்து மறைந்து தெரிந்தது. கூரை இடுக்கருகே குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இந்தா... இந்தா...” என்று கத்தினேன். மனைவியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன்.

“வாரோம், இருங்க! பசிச்சா பையில முறுக்கு இருக்கு, எடுத்துத் தின்னுங்க!” என்றாள் மனைவி. மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“வெளிய வா!” என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் அது கேட்கவில்லை போலும். சிரிப்பு நிற்கவில்லை. வாயில் வேறு எதுவும் வரவில்லை. அவள் பெயர்தான் வந்தது. கல்யாணமாகி ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. “ஏத்தா, வெளிய போங்க, வெளிய போங்க” என்று அவள் பதறுவது கேட்டது.

அந்த அம்மா அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார். நானும் குதித்தேன். “அலை போகட்டும்... இப்ப வா தாயி!” என்று அவர் சொல்லச் சொல்ல மகளை இழுத்தோம், பிறகு புதுப்பெண்ணை. கடைசியாக மனைவி மூச்சைப் பிடித்து மூழ்கித்தான் வெளியே வந்தாள். தோளில் பாறை சிராய்த்து ரத்தம். கொஞ்ச நேரத்தில் வாசல் இருந்த இடமே தெரியவில்லை.

“ஆம்பளைக்குக் காவல் இருக்கத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா வலைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கும்பிட்டேன்.

தோள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள். “பேரச் சொல்லிக் கூப்பிட்டீகளா, ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு ஓடியாந்தேன்.”

இப்போது வயலுக்குக் கிளம்பும்போது சில நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். இன்னமும் பதறிப்போய்த்தான் வாசலுக்கு வருகிறாள். பழகட்டும்; ஆபத்துக்கு மட்டும் கூப்பிடுகிற பெயராக அது இருந்துவிடக் கூடாது.